வைரஸை வைத்து ஒரு ஜீனை அடக்குவது எப்படி: வெளுத்த இலையை நம்பும் முன்

ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா, அதை வேலை செய்ய விடாமல் நிறுத்திவிட்டுச் செடிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். அடிப்படை இவ்வளவுதான். நிறுத்தும் வழிகள்தான் பல. கிரிஸ்பர் வைத்து ஜீனையே வெட்டலாம், ஆனால் தக்காளியில் அதைச் செய்ய வேண்டுமென்றால் திசு வளர்ப்பில் செடி கிளம்ப வேண்டும், அது வேர் பிடித்துக் காய்க்க வேண்டும், விதை எடுத்து அடுத்த தலைமுறையில் இரண்டு பிரதியும் பழுதான செடியைத் தேட வேண்டும், இதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். வைரஸ் மூலம் ஜீனை அடக்கும் முறையில், ஆய்வகங்களில் விஐஜிஎஸ் என்பார்கள், விதை போட்டதிலிருந்து ஆறேழு வாரத்தில் ஒரு முதல் பதில் கைக்கு வந்துவிடும். முதுகலை மாணவர் ஒருவர் தன் ஆய்வுக் காலத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் குளோனிங்கைப் பற்றித்தான், அதாவது ஜீன் துண்டை வைரஸ் டிஎன்ஏவோடு ஒட்டிச் சேர்ப்பதைப் பற்றித்தான், கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை குளோனிங்கில் தோற்று நின்றவர்கள் குறைவு. செடி வளர்ப்பில் தோற்றவர்களும், எல்லாம் சரியாக வந்த பிறகு கடைசியில் தப்பாக அளந்து தோற்றவர்களும்தான் அதிகம். அதனால் அந்த இரண்டையும் விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

செடி வைரஸைப் பிடிக்கும் விதம்

செடிக்கு ரத்தமும் இல்லை, அதில் ஓடும் எதிர்ப்பணுக்களும் இல்லை. வைரஸ் நுழைந்தால் அது வேறு விதமாகப் பிடிக்கிறது. ஆர்என்ஏ வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகும். செல்லில் இப்படி நீளமான இரட்டை இழை கிடந்தாலே செடிக்குச் சந்தேகம்தான். டைசர் என்ற நொதிகள் வந்து அதை 21, 22 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கிவிடும் (இழையில் வரிசையாக வரும் ஒவ்வோர் அலகையும் எழுத்து என்கிறேன்). ஆர்கோனாட் என்ற புரதம் அந்தத் துண்டின் ஓர் இழையை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற ஆர்என்ஏ எங்கே தென்பட்டாலும் வெட்டுகிறது.

திருடன் விட்டுப்போன துணியை மோப்ப நாய்க்குக் காட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்வது, திருடனின் சட்டையில் வீட்டுக்காரர் ஒருவரின் துணியையும் ஒட்டுப் போட்டு அனுப்புவது. நாய் திருடனையும் பிடிக்கும், அந்த வீட்டுக்காரரையும் பிடிக்கும். வைரஸ் திருடன், ஒட்டுப் போட்ட துணி நாம் ஆராய விரும்பும் ஜீனின் 300 எழுத்துத் துண்டு. செடி தன் சொந்த ஜீனின் தூது ஆர்என்ஏவைத் தானே வெட்டிப் போடுகிறது. டிஎன்ஏவில் ஜீன் அப்படியே இருக்கும், அதன் செய்தி மட்டும் போய்ச் சேராது.

1995இல் குமகாயும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் புகையிலை மொசைக் வைரஸுக்குள் பிடிஎஸ் என்ற ஜீனின் துண்டை வைத்துச் செடிக்குள் விட்டார்கள், இலை வெளுத்தது. பிடிஎஸ் என்பது ஃபைட்டோயீன் டிசாச்சுரேஸ், கரோட்டினாய்டுகளைத் தயாரிக்கும் வரிசையில் ஆரம்பப் படியில் இருக்கும் நொதி. கரோட்டினாய்டு இல்லாவிட்டால் பச்சையத்துக்குக் குடை இல்லை, வெளிச்சமே அதைச் சிதைத்துவிடும். இலை காகிதம் போல வெள்ளையாகிறது. இன்றுவரை ஏறக்குறைய எல்லா ஆய்வகத்திலும் முதலில் செய்து பார்ப்பது இதே பிடிஎஸ்தான், ஏனென்றால் வேலை செய்ததா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

இப்போது அதிகம் பயன்படுவது டொபாக்கோ ராட்டில் வைரஸ், சுருக்கமாக டிஆர்வி. இங்கிலாந்தில் பால்கோம் ஆய்வகம் 2001இலும், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த தினேஷ்குமார் ஆய்வகம் 2002இலும் இதை ஆய்வுக் கருவியாக மாற்றிக் கொடுத்தன. இதன் நல்ல குணங்கள் மூன்று: செடியைப் பெரிதாக நோகடிக்காது, மற்ற பல வைரஸ்கள் எட்டாத வளர்நுனிக்குள்ளும் போகும், 400க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் தொற்றும். அதன் மரபுப் பொருள் இரண்டு ஆர்என்ஏக்களாகப் பிரிந்திருக்கிறது. முதலாவதில் பெருகுவதற்கும் செல்லிலிருந்து செல்லுக்கு நகர்வதற்கும் வேண்டியவை இருக்கும். இரண்டாவதில் உறைப்புரதமும், மண்ணில் இருக்கும் நூற்புழு வழியாகப் பரவுவதற்கான ஜீன்களும் இருக்கும். அந்த நூற்புழு ஜீன்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில்தான் நம் துண்டை வைக்கிறோம். ஆகவே டிஆர்வி-1, டிஆர்வி-2 என்று இரண்டு பிளாஸ்மிட்கள், அதாவது பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கக்கூடிய டிஎன்ஏ வளையங்கள். இரண்டும் ஒரே செல்லுக்குள் போனால்தான் வேலை நடக்கும்.

செடி என்று பார்த்தால் தொடங்குவதற்கு நிக்கோட்டியானா பெந்தமியானாவை விட்டால் வேறு இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, புகையிலைக்கு உறவான சின்னச் செடி. வைரஸை எதிர்க்கும் ஆர்டிஆர்-1 என்ற ஜீன் ஆய்வகங்களில் இருக்கும் வகையில் இயற்கையாகவே பழுதாகிக் கிடக்கிறது, அதனால் வைரஸ்கள் இதில் ஜோராகப் பெருகும். தக்காளி இதைவிடக் கொஞ்சம் பிடிவாதக்காரச் செடி. பெந்தமியானாவில் கை பழகிய பிறகு தக்காளிக்குப் போங்கள்.

துண்டைத் தேர்ந்தெடுப்பது

நீளம் 250 முதல் 400 எழுத்து என்றால் நிம்மதி. 200க்குக் கீழே போனால் அடக்கம் சொதப்பலாம். ரொம்ப நீளமானால் வைரஸ் நாளடைவில் அந்தத் துண்டைக் கழற்றி எறிந்துவிடும், சுமையைத் தூக்கிக்கொண்டு பெருகுவதைவிடச் சுமையில்லாமல் பெருகுவது அதற்கு லாபம். முடிந்தவரை ஜீனின் நடுப்பகுதியிலிருந்து எடுங்கள், ஒரே எழுத்து நீளமாக வரும் இடங்களையும் கடைசியில் வரும் ஏ வாலையும் தவிர்த்துவிடுங்கள். துண்டை நேராக வைத்தாலும் தலைகீழாக வைத்தாலும் வேலை செய்யும்.

முக்கியமான சோதனை, அந்தத் துண்டின் ஏதாவது 21 எழுத்துத் தொடர் வேறு ஜீனோடு அப்படியே பொருந்துகிறதா என்பது. பொருந்தினால் நாய் பக்கத்து வீட்டுக்காரரையும் கடிக்கும். சோல் ஜீனோமிக்ஸ் நெட்வொர்க் இணையதளத்தில் விஐஜிஎஸ் டூல் என்று ஒன்று இலவசமாக இருக்கிறது, ஜீனின் வரிசையைக் கொடுத்தால் எந்தப் பகுதி நல்லது, எது ஆபத்து என்று படமாகக் காட்டும். பெந்தமியானா நாற்படைச் செடி, குரோமோசோம் தொகுதி நாலு உள்ளது, என்பதால் ஒரே ஜீனுக்குப் பெரும்பாலும் இரண்டு பிரதி இருக்கும். இரண்டையும் சேர்த்து அடக்கும் பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பிரதியை மட்டும் அடக்கிவிட்டு "இந்த ஜீனுக்கு வேலையே இல்லை" என்று முடிவுகட்டினால் அது ஜீனின் தப்பு இல்லை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் திரும்பக் குளோனிங்குக்குப் போக வேண்டியிருக்கும். ஒரே ஜீனின் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒன்றோடொன்று மேற்படியாத இரண்டு துண்டுகளை எடுத்து, இரண்டையும் தனித்தனியாக டிஆர்வி-2இல் வையுங்கள். இரண்டு துண்டும் ஒரே மாற்றத்தைக் காட்டினால், அது வேறு ஜீன் தற்செயலாக அடங்கியதால் வந்தது என்று யாரும் எளிதில் கேள்வி கேட்க முடியாது. ஒரு வாரம் கூடுதல் வேலைதான். என்னைக் கேட்டால் இந்த முழு முறையிலும் இதைவிட லாபமான ஒரு வாரம் கிடையாது.

துண்டைப் பிசிஆரில் பெருக்கி, வெட்டும் நொதிகளாலோ கேட்வே முறையிலோ டிஆர்வி-2இல் சேர்த்து, ஈ.கோலியில் ஏற்றி, வரிசை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் டிஆர்வி-1, டிஆர்வி-2 இரண்டையும் தனித்தனியாக ஜிவி3101 என்ற வகை அக்ரோபாக்டீரியத்தில் (செடிக்குள் டிஎன்ஏவைக் கடத்திவிடும் பாக்டீரியா, வைரஸைச் செடிக்குள் கொண்டுபோவது இதுதான்) ஏற்றி, 28 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் காலனி வரும். கனாமைசின், ரிஃபாம்பிசின், ஜென்டாமைசின் மூன்றும் உள்ள தட்டில் வளர்க்க வேண்டும். காலனி பிசிஆர் செய்து பிளாஸ்மிட் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், டிஆர்வி-1 தட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பல பேர் அதை யாரோ எப்போதோ செய்து வைத்த கிளிசரால் குப்பியிலிருந்து எடுத்து அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

நாற்று

பெந்தமியானா விதை கடுகைவிட மிகச் சிறியது. மண்ணில் புதைக்காதீர்கள், மேலே தூவினால் போதும், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும், தட்டில் தண்ணீர் விட்டுத் தொட்டி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். நம் ஊரில் தேங்காய் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று பலரும் அதையே முழுசாக நிரப்புகிறார்கள். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிப் பிழிந்த பிறகு பெர்லைட்டோ வெர்மிகுலைட்டோ கலந்து போடுங்கள். உப்பில் வளர்ந்த நாற்றின் இலை தடித்துச் சுருண்டிருக்கும், சிரிஞ்சில் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் உள்ளே போகாது.

பெந்தமியானாவுக்குச் சரியான பருவம் மூன்று வாரம், நிஜ இலை நாலு விட்டிருக்கும் நேரம். தக்காளிக்கு இன்னும் சீக்கிரம், ஏழு முதல் பத்து நாள், வித்திலை இரண்டும் நன்றாக விரிந்து முதல் நிஜ இலை எட்டிப் பார்க்கும்போது. வயது கடந்த செடியில் வைரஸ் பரவும், ஆனால் வளர்ச்சி அதைவிட வேகமாக ஓடிவிடும், இலை திட்டுத்திட்டாகத்தான் அடங்கும். பூ மொட்டு வைத்த செடியை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். நாற்று கொஞ்சம்கூட வாடியிருக்கக் கூடாது, பூச்சி இருக்கக் கூடாது, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். நாற்பது நாற்று வேண்டுமென்றால் அறுபது போட்டுச் சீராக இருப்பதைப் பொறுக்குங்கள்.

உட்செலுத்தும் நாள்

முந்தின நாள் சாயங்காலம் டிஆர்வி-1, டிஆர்வி-2 அக்ரோவைத் தனித்தனியாக, ஆன்டிபயாடிக் சேர்த்த ஊட்டநீரில் 28 டிகிரியில் குலுக்கியில் வையுங்கள். மறுநாள் காலை மையவிலக்கில் சுற்றி அடியில் படிந்ததை எடுத்து, கரைசலில் கலக்க வேண்டும். அந்தக் கரைசலில் 10 மில்லிமோலார் எம்இஎஸ், 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன், பிஎச் 5.6. ஒரு லிட்டருக்கு எம்இஎஸ் 1.95 கிராம், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் குளோரைடு 2.03 கிராம். அசிட்டோசிரிங்கோனை 39 மில்லிகிராம் எடுத்து ஒரு மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் அது 200 மில்லிமோலார். கரைசலில் மில்லிக்கு ஒரு மைக்ரோலிட்டர் விட்டால் கணக்கு சரி. காயம்பட்ட செடி விடும் வாசனைப் பொருள் போன்றது இது, இதை உணர்ந்தால்தான் அக்ரோபாக்டீரியம் டிஎன்ஏவைக் கடத்தும் வேலையைத் தொடங்கும். பழைய குப்பியில் மிச்சம் இருப்பதைப் பயன்படுத்தாதீர்கள், அன்றைக்குக் கரைத்தது நல்லது.

பாக்டீரியா அடர்த்தி ஓடி 600இல், அதாவது 600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் கலங்கலில், பெந்தமியானாவுக்கு ஒவ்வொன்றும் 1.0 வைத்து இரண்டையும் சமமாகக் கலந்தால் போதும். தக்காளிக்கு 1.5 அல்லது 2.0 வரை போகலாம். அளந்த பிறகு அறை வெப்பத்தில், இருட்டில் மூன்று மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் கலக்குங்கள். இந்த மூன்று மணி நேரத்தைச் சுருக்கினால் அடக்கம் பலவீனமாகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

செடிகளுக்குக் காலையிலேயே தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரமாவது வெளிச்சத்தில் வைத்திருங்கள். இலைத்துளைகள் திறந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் கரைசலை எடுத்து, இலையின் அடிப்பக்கத்தில் நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து முனையை வைத்து, மேல்பக்கத்தில் ஒரு விரலைத் தாங்கலாகக் கொடுத்து, மெதுவாக அழுத்துங்கள். சரியாகப் போனால் இலை அந்த இடத்தில் எண்ணெய் பட்ட காகிதம் போலக் கரும்பச்சையாகி, அந்த நிறம் விளிம்பை நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். பெரிய நரம்பு வந்ததும் நிற்கும், அடுத்த கட்டத்தில் திரும்ப வைக்க வேண்டும். சிரிஞ்ச் முனையைச் சுற்றித் திரவம் வழிந்தால் நீங்கள் நேராகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இலை கிழிந்தால் அழுத்தம் அதிகம். ஒரு செடிக்கு இரண்டு மூன்று இலை, முழு இலையும் நனைய வேண்டும். கண்ணாடி, கையுறை கட்டாயம். வழுக்கிவிட்டால் பாக்டீரியாக் கரைசல் நேராக முகத்தில்தான் தெறிக்கும். ஒவ்வொரு கலவைக்கும் கையுறையை மாற்றுங்கள். டிஆர்வி கையோடு போகும் வைரஸ்தான், பிடிஎஸ் செடியைத் தொட்ட கையால் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் கட்டுப்பாட்டுச் செடியைத் தொட்டால் பத்து நாள் கழித்து அதிலும் வெள்ளைத் திட்டு வரலாம்.

எந்தெந்தச் செடிகள் வேண்டும் என்பதற்கு என் கணக்கு: உங்கள் ஜீனின் முதல் துண்டு, இரண்டாம் துண்டு, பிடிஎஸ், எதுவும் செலுத்தாத செடி, அப்புறம் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஜீன்) துண்டு வைத்த டிஆர்வி. கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கட்டுப்பாடு என்று வெறும் டிஆர்வி-2ஐ விடுகிறார்கள், சுமை இல்லாத அந்த வைரஸ் துண்டு சுமந்த வைரஸைவிட வேகமாகப் பெருகிச் செடியைக் கூடுதலாக நோகடிக்கும். செடியில் எங்குமே இல்லாத ஜிஎஃப்பி ஜீனின் 300 எழுத்தை வைத்தால்தான் ஒப்பிடுவது நியாயம். ஒவ்வொன்றுக்கும் எட்டுச் செடிக்குக் குறையாமல், தட்டில் கலந்து கலந்து வையுங்கள். ஒரே வகை எல்லாம் ஜன்னல் ஓரம், இன்னொன்று எல்லாம் உள்ளே என்று வைத்தால் நீங்கள் ஜன்னலைத்தான் ஆராய்கிறீர்கள்.

வெப்பம்

செலுத்திய செடியை ஒரு ராத்திரி இருட்டில், ஈரப்பதத்தோடு மூடி வைத்துவிட்டு, அப்புறம் 20 முதல் 22 டிகிரி உள்ள அறைக்கு மாற்றுங்கள். 16 மணி நேர வெளிச்சம். பெந்தமியானா 25 வரை தாங்கும், தக்காளிக்கு 21ஐத் தாண்டினாலே அடக்கம் தளர்ந்துவிடும். வெப்பம் கூடினால் டிஆர்வி பரவுவது குறைகிறது. ரொம்பக் குளிர்ந்தாலும் ஆகாது, 15 டிகிரி அளவில் அந்த 21 எழுத்துத் துண்டுகள் உருவாவதே குறைந்துவிடும். நம் சமவெளி ஊர்களில் சித்திரை வைகாசியில் பாலித்தீன் குடிலில் வைத்து இதைச் செய்ய முயல வேண்டாம். மார்கழி, தை மாதங்களில்கூட மதிய வெயில் 28, 29ஐத் தொடும். வளர்ப்பறை இல்லாவிட்டால் ஒரு சின்ன அறை, ஏசி, எல்இடி விளக்கு அடுக்கு, இது போதும், ஆனால் அந்த அறையில் குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று தொங்க வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஒரு சனி ஞாயிறில் எங்கள் அறையின் ஏசி நின்று போயிருந்தது. திங்கள் காலை வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செலுத்தி நாலாவது நாள் அது. பதினைந்து நாள் காத்திருந்தும் பிடிஎஸ் செடிகளில் ஒன்றிரண்டு நரம்பு மட்டும் வெளுத்து நின்றது, மற்றதெல்லாம் பச்சை. காரணம் தெரியாமல் அக்ரோவை, கரைசலை, துண்டை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் போனது. காவலர் பேச்சுவாக்கில் அந்த சனிக்கிழமை மின்தடையைப் பற்றிச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. பிடிஎஸ் செடிகள் ஒவ்வொரு தொகுதியிலும் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அவை வெளுக்கவில்லையென்றால் அந்தத் தொகுதியை அப்படியே விட்டுவிடுங்கள், உங்கள் ஜீன் செடிகள் எவ்வளவு சுவாரசியமாகத் தெரிந்தாலும் சரி.

எல்லாம் ஒழுங்காகப் போனால் எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில், செலுத்திய இலைக்கு மேலே புதிதாக விரியும் இலையைப் பாருங்கள். செலுத்திய இலையில் ஒன்றும் தெரியாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். புது இலையின் அடிப்பகுதியில் நரம்பு ஓரமாக, யாரோ சுண்ணாம்பு பூசின மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு நாளில் அது கிளை நரம்புகளுக்குப் போகும், அதற்கடுத்த இலை பாதி வெள்ளையாகவே விரியும், மூன்றாவது வாரத்தில் கொழுந்து முழுக்க வெள்ளை. வைரஸ் உணவு போகும் நரம்பு வழியாகவே பயணம் செய்கிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதும், அந்தக் கோட்டை நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல. தக்காளியில் இது இன்னும் ஒரு வாரம் தள்ளி வரும், திட்டுத்திட்டாகவும் வரும்.

அளப்பது

இப்போதுதான் தலைப்பில் சொன்ன விஷயம். பிடிஎஸ் செடி வெளுத்தது என்றால் உங்கள் அக்ரோ நன்றாக இருக்கிறது, வைரஸ் பரவியது, அறை வெப்பம் சரி. அவ்வளவுதான். பக்கத்துத் தொட்டியில் உங்கள் ஜீன் அடங்கியதா என்பதற்கு அது சாட்சி இல்லை. ஒவ்வொரு துண்டும் தனித்தனி, ஒன்று 90 சதவீதம் அடக்கும், இன்னொன்று 40 சதவீதம்கூட அடக்காது. ஒவ்வொரு செடியிலும் அளந்துதான் ஆக வேண்டும்.

பிடிஎஸ் செடியில் எந்த இலைகள் நன்றாக வெளுத்திருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள், செலுத்திய இலைக்கு மேலே மூன்றாவது, நாலாவது என்று. உங்கள் ஜீன் செடிகளிலும் அதே எண் இலைகளிலிருந்து மாதிரி எடுங்கள். நோய் எதிர்ப்போ வேறெதுவோ சோதிக்கிறீர்கள் என்றால் அந்தச் சோதனை செய்யும் இலையிலிருந்தே ஒரு வட்டத் துண்டு ஆர்என்ஏவுக்கு எடுத்துவிடுங்கள். அடக்கம் ஒரே செடியிலும் இலைக்கு இலை மாறும், ஓர் இலையில் ஜீனை அளந்து இன்னொரு இலையில் நோயை அளப்பது இரண்டு வேறு செடிகளை ஒப்பிடுவது போலத்தான்.

அப்புறம் பிரைமர், பிசிஆரில் எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு. இதில் நான் மூன்று வாரம் இழந்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். தூது ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் என் முதல் நேரளவுப் பிசிஆரில், அடங்கியிருக்க வேண்டிய ஜீன் கட்டுப்பாட்டுச் செடியைவிடப் பல மடங்கு கூடியிருப்பதாக வந்தது. செடியோ தெளிவாக மாறியிருந்தது. திரும்பச் செய்தாலும் அதே. ஆர்என்ஏ மாறிப்போனதா, குப்பியில் எண் தப்பா என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பிரைமர் வரிசையையும் குளோன் செய்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு பிரைமரும் அந்த 300 எழுத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. வைரஸ் அந்தத் துண்டைச் சுமந்துகொண்டு செடி முழுக்கப் பெருகியிருக்கிறது, நான் அளந்தது வைரஸை. ஆகவே இரண்டு பிரைமரில் ஒன்றாவது, முடிந்தால் இரண்டுமே, துண்டுக்கு வெளியே இருக்கும் பகுதியில் அமைய வேண்டும். துண்டைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே பிரைமருக்கும் இடம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். சின்ன ஜீன்களில் முழு ஜீனையும் துண்டாக எடுத்துவிட்டு, பிறகு அளக்க இடமில்லாமல் நிற்பவர்கள் உண்டு.

அளவு மாறாது என்று வைத்துக்கொண்டு ஒப்பிடும் ஒப்பீட்டு ஜீனாக ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், வைரஸ் தொற்றினால் ஆக்டின் போன்றவையும் அசையலாம். இஎஃப்-1 ஆல்ஃபா, பிபி2ஏ என்று இரண்டாவது இருக்கட்டும். ஒப்பிட வேண்டியது ஜிஎஃப்பி செடிகளோடு. எதுவும் செலுத்தாத செடிகளோடு ஒப்பிட்டால் வைரஸின் விளைவும் உங்கள் ஜீனின் விளைவும் சேர்ந்து வரும். கூடவே உறைப்புரதப் பிரைமரால் வைரஸ் இருக்கிறதா என்றும், துண்டின் இரு பக்கமும் அமைந்த பிரைமரால் வைரஸ் துண்டைக் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது

ஜீன் நன்றாக அடங்கி, இரண்டு துண்டிலும் ஒரே மாற்றம் வந்து, ஜிஎஃப்பி செடியில் அது இல்லையென்றால், இந்த ஜீன் அந்த வேலைக்குத் தேவை என்று தைரியமாக எழுதலாம். தினேஷ்குமார் குழு 2002இல் இப்படித்தான் ஆர்ஏஆர்-1, இடிஎஸ்-1 போன்ற ஜீன்களை ஒவ்வொன்றாக அடக்கி, புகையிலை மொசைக் வைரஸை எதிர்க்கும் 'N' என்ற ஜீனுக்கு அவை துணை என்று காட்டியது. 2003இல் பால்கோம் ஆய்வகத்தினர் ஏறத்தாழ 5000 ஜீன் துண்டுகளை இந்த முறையில் சலித்து, வெப்ப அதிர்ச்சிப் புரதம் 90க்கு நோய் எதிர்ப்பில் பங்கு உண்டு என்று கண்டார்கள். ஐயாயிரம் கிரிஸ்பர் செடிகளை அப்படி வளர்த்துப் பார்க்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றம் வரவில்லையென்றால் மட்டும் அவசரப்பட வேண்டாம். 80 சதவீதம் அடங்கினாலும் மிச்ச 20 சதவீதமே போதும் என்கிற நொதிகள் நிறைய. ஒரே குடும்பத்து வேறு ஜீன் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். "மாற்றம் தெரியவில்லை" என்று எழுதலாம், "இந்த ஜீனுக்கு இதில் பங்கில்லை" என்று எழுதக் கூடாது. அந்தக் கேள்விக்குக் கிரிஸ்பர் செடிதான் பதில் சொல்லும். இன்னொரு பக்கம், செல் உயிர் வாழவே தேவைப்படும் ஜீனை அடக்கினால் கொழுந்து கருகிச் செடி குட்டையாகி நிற்கும், அதை வைத்து நோய் எதிர்ப்பு, வறட்சி என்று எதையும் அளக்காதீர்கள், சாகக் கிடக்கும் செடி எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

மற்றப் பயிர்களில் செய்ய நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: பருத்தியில் டிஆர்வியே நன்றாகப் போகும், வித்திலையில் செலுத்துவார்கள், அடையாளத்துக்கு பிடிஎஸ்ஸைவிட சிஎல்ஏ-1 என்ற ஜீன் அங்கே பளிச்சென்று தெரியும். கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் பார்லி ஸ்ட்ரைப் மொசைக் வைரஸ். நெல்லில் நம் விவசாயிகளுக்குத் தெரிந்த துங்ரோ நோயின் வைரஸ்களில் ஒன்றான, டிஎன்ஏ உள்ள பேசில்லிஃபார்ம் வைரஸையே டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்திரநீல் தாஸ்குப்தாவின் ஆய்வகம் கருவியாக மாற்றி 2010இல் வெளியிட்டது. நெல்லை நாசம் செய்யும் ஒன்றை நெல்லின் ஜீனைப் படிக்க வைத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

வேலை தொடங்கும் முன்பே உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். முடிந்ததும் செடி, மண், தொட்டி, தட்டுத் தண்ணீர் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும், தோட்டத்து எருக்குழியில் கொட்டக் கூடாது. நூற்புழு ஜீன்களை எடுத்துவிட்டோம் என்றாலும் அது 400 வகைச் செடியில் தொற்றும் வைரஸ், உருளைக்கிழங்கில் நோயாகவே வருவது. செடி நன்றாக இருக்கிறதே என்று அதில் விதை பிடித்து அடுத்த தொகுதிக்கு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். செந்தில்குமாரும் கிரண்குமார் மைசூரும் 2011இல் காட்டியபடி, பெந்தமியானாவிலும் தக்காளியிலும் இந்த அடக்கம் இரண்டு வருடத்துக்கு மேல் நீடிக்கும், விதை வழியாக நாற்றுக்கும் போகும். அப்படி வந்த ஒரு நாற்று உங்கள் அடுத்த கட்டுப்பாட்டுத் தட்டில் பச்சையாகவே நின்றுகொண்டிருக்கும், பார்த்தால் தெரியாது. விதைக்கென்று வைரஸ் தொடாத செடிகள் நாலைந்தை வேறு அறையில் தனியாக வளர்த்து, விதை உறையில் தேதியையும் அறையின் பெயரையும் எழுதி வையுங்கள்.